நீலச் சுடிதாரில் மாப்பிள்ளையின் கை

யாரையும் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை. பெரம்பலூரிலிருந்து கிளம்புகிற வண்டிகளைப் பாடாலூர் பக்கமோ குன்னம் பக்கமோ வழியில் கை காட்டி நிறுத்தி ஏறுவேன். ஏறியதும் டிக்கெட்டைப் பார்ப்பதில்லை, ஆட்களைப் பார்ப்பேன். டிக்கெட் வாங்கினவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவான். வாங்காதவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். இந்தப் புத்தி வேலையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டைக்கூட ஒரு முறை அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவேன். இதைப் பற்றி என் மனைவி சொல்வதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அதனால் என் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இது அவர்தான்" என்று சொன்னபோது நான் முதலில் சந்தேகப்பட்டது அவளைத்தான்.

சொன்னாள் என்றால் வாயால் அல்ல. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துச் சைகை மொழி கற்றுக்கொண்டு வந்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்கும் கற்றுக்கொடுத்தாள். அவள் கையால் சொல்வது என் மண்டைக்குள் எங்கள் வீட்டுப் பேச்சாகத்தான் விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

போனில் ஒரு பொம்மை நின்றுகொண்டிருந்தது. நீலச் சுடிதார் போட்ட ஒரு கார்ட்டூன் பெண். மூக்கும் முழியும் திருத்தமாக, விளம்பரத்துக்கு நிற்கிறவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். காது கேளாதவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய புது ஆப் அது. தமிழில் எதைத் தட்டினாலும் பொம்மை அதைச் சைகையில் செய்துகாட்டும். தங்கை "நாளைக்கு மழை வரும்" என்று தட்டினாள். பொம்மை கையை மேலே தூக்கி, விரல்களை உதறி, மழையைக் கீழே இறக்கியது.

"யாரு, இந்தப் பொண்ணா?" என்றேன்.

"பொண்ணப் பாக்காத. கையப் பாரு" என்றாள்.

அவர் என்று அவள் சொன்னது அவளுடைய கணவரை. எங்கள் வீட்டு மாப்பிள்ளை. சேலம் பக்கத்துக்காரர். அவருக்கும் காது கேட்காது. பெரம்பலூரில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். இரண்டு பேரும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். பிறகு சென்னையில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, வீடு பார்த்துவிட்டுக் கூட்டிக்கொள்கிறேன் என்று போனார். முதலில் தினமும் வீடியோ காலில் வருவார். அப்புறம் தீபாவளி, பொங்கல் என்று ஆனது. அப்புறம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.

நாங்கள் தேடாமல் இல்லை. அவர் கொடுத்த விலாசத்துக்கு நானே போனேன். காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். சேலத்து வீட்டில் எங்களைப் பார்த்து அழுதார்கள். அந்த அழுகையின் மேலும் எனக்குச் சந்தேகம்தான், ஆனால் கண்ணீரை உரசியா பார்க்க முடியும்? போலீஸில் புகார் கொடுக்கப் போனபோது அங்கிருந்த ஏட்டு, "பேச மாட்டாரா? அப்ப அவரக் கண்டுபிடிச்சாலும் எப்படிங்க விசாரிக்கிறது?" என்று என்னிடமே யோசனை கேட்டார்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே முடிவுதான். ஆள் கழற்றிவிட்டுப் போய்விட்டார். தங்கைக்கு வேறு பயம்.

"ரோட்டுல அடிபட்டுக் கெடந்தா அவர் யார்கிட்ட என்னன்னு சொல்லுவார்? எந்த ஊருன்னு கேட்டா எப்படிப் புரிய வைப்பார்? அவர் சொல்றது யாருக்குப் புரியும்?" என்பாள்.

சந்தேகப்படத் தெரிந்தவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரிவதில்லை. அவள் பாட்டுக்குப் பாடாலூரில் ரோட்டோரத்து பேக்கரி ஒன்றில் பன்னும் பிஸ்கட்டும் பாக்கெட் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அடையாளம் தெரியாதவர் என்று பேப்பரில் ஏதாவது படம் வந்தால் மட்டும் கத்தரித்து எனக்கு அனுப்புவாள். நான் அதைப் பார்த்து "இல்லை" என்று பதில் போட வேண்டும்.

இதற்கு நடுவில் மீன்சுருட்டியிலிருந்து ஒரு பேச்சு வந்தது. அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற ஒருவர். அவருக்கும் காது கேட்காது. மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவருடைய அத்தை நேரில் வந்து, தட்டு எதுவும் கொண்டுவராமல், வெறும் பேச்சாகப் பேசிவிட்டுப் போனார். "அவசரமில்லைங்க. தங்கச்சி மனசு எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க, அவன் காத்திருப்பான்" என்றார். தங்கையின் மனசு எப்படி என்று எனக்குத் தெரியும். மீன்சுருட்டியிலிருந்து ஏதாவது செய்தி வந்தால் அவள் நான் பார்த்துவிடாதபடி போனைக் கவிழ்த்து வைப்பாள். மற்ற யார் செய்திக்கும் அப்படிச் செய்வதில்லை.

ஆனால் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன் என்றாள். கணவர் கைவிட்டுப் போய்விட்டார் என்று கோர்ட்டில் வழக்குப் போட்டு விவாகரத்து வாங்க வேண்டும், அதற்கு அவள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அரியலூரில் எங்களுக்குத் தெரிந்த வக்கீல் சொல்லியிருந்தார். அந்தக் கையெழுத்துத்தான் விழவில்லை.

"அவர் எங்கியாச்சும் ஆஸ்பத்திரியில கெடந்து, இங்க நான் இன்னொருத்தருக்குக் கழுத்த நீட்டினா?" என்று கேட்டாள். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரிகிற வரைக்கும் அவளால் இந்தப் பக்கமும் நகர முடியாது, அந்தப் பக்கமும் நகர முடியாது.

இந்த நிலைமையில்தான் நீலச் சுடிதார் வந்து சேர்ந்தது.

எனக்குத் தோன்றியது இதுதான்: மீன்சுருட்டிக்குப் பதில் சொல்லாமல் தள்ளிப்போட அவள் மனசு ஒரு சாக்குத் தேடுகிறது. வானத்து மேகத்தில் சாமி முகம் பார்க்கிற மாதிரி பொம்மை கையில் புருஷன் கையைப் பார்க்கிறாள். நான் அதை மறைக்காமல் சொல்லியும் விட்டேன்.

அவளுக்குக் கோபம் வந்தது. "போன்ல ஒரு ஹலோ கேட்டா யாருன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எனக்குக் கைதான் அது."

பிறகு இந்தப் பொம்மைகளை எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கினாள். சைகை தெரிந்த ஒருவரை நிற்க வைத்துச் சுற்றிலும் கேமரா வைத்து ஒவ்வொரு சொல்லாக எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதிலிருந்து ஆளை விட்டுவிட்டு அசைவை மட்டும் உருவிக்கொள்கிறது. தோள் எங்கே, முழங்கை எங்கே, ஒவ்வொரு விரல் மூட்டும் எங்கே என்று. அதற்கு மேல் எந்தத் தோலையும் எந்தச் சட்டையையும் போர்த்தலாம். பிறகு நாம் தட்டுகிற தமிழை அது சைகை மொழியின் வரிசைக்கு மாற்றி, அந்தச் சொற்களை ஒன்றோடொன்று கோத்து ஓட்டும். ஆக, சுடிதார் யாருடையதாகவும் இருக்கட்டும், அசைவு ஒரு மனுஷருடையது.

எனக்கு அதுவும் போதவில்லை. "மழைன்னா எல்லாரும் ஒரே மாதிரிதான செய்வாங்க. அவர் மட்டுமே செய்யற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். பிறகு "ரயில்" என்று தட்டினாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பெரம்பலூரில் ரயில் கிடையாது. நாங்கள் ரயில் ஏற வேண்டுமானால் பஸ் பிடித்து அரியலூருக்குப் போக வேண்டும். அரியலூர் என்றால் சிமெண்ட். அதனால் எங்கள் ஊரில் காது கேளாதவர்கள் அரியலூரைச் சொல்லும்போது விரல் நுனிகளைச் சேர்த்துத் தேய்த்து, ஒட்டின சிமெண்டை வாயால் ஊதுவார்கள். நாளாக நாளாக அந்தச் சைகையே ரயிலுக்கும் ஆகிவிட்டது. "அரியலூரில் வந்தார்" என்றால் ரயிலில் வந்தார் என்று அர்த்தம். திருச்சிக்காரர்களுக்கு இது புரியாது, சிரிப்பார்கள்.

மாப்பிள்ளைக்கும் புரியவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் தங்கைதான் கற்றுக்கொடுத்தாள். அவர் அதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டார். முதலில் ஊதுவார், பிறகு தேய்ப்பார். ஊதின பிறகு தேய்க்க என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேலி செய்வோம். அவர் விடாமல் அப்படியே செய்வார். கடைசியில் அது அவருக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு செல்ல விளையாட்டாகவே ஆகிவிட்டது.

பொம்மை கையை உயர்த்தியது. விரல் நுனிகளைச் சேர்த்து வாய்க்கு நேரே கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்தியது. ஊதவில்லை, அதற்கு மூச்சு ஏது? அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. பிறகு கையைக் கீழே இறக்கி விரல்களைத் தேய்த்தது.

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து நாளாயிற்று. "உசுரோடதான் இருக்கார்" என்றாள்.

அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை மட்டும்தான் அவள் யோசித்தாள். உயிரோடு இருக்கிற ஆள் ஏன் ஒரு வார்த்தை அனுப்பவில்லை என்று நான் யோசித்தேன். இந்த அசைவே அவர் காணாமல் போவதற்கு முன்னால் எடுத்ததாக இருந்தால்? அதையும் யோசித்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆப்பில் கொடுத்திருந்த மெயிலுக்கு எழுதினேன். மாப்பிள்ளையின் பெயர், ஊர், கல்யாணப் போட்டோ எல்லாம் சேர்த்து, இவர் உங்களிடம் வேலை பார்த்தவரா, உயிரோடு இருக்கிறாரா என்பது மட்டும் தெரிந்தால் போதும், வேறு தொந்தரவு தர மாட்டோம் என்று எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் வரவில்லை. தங்கை தினமும் வேலை முடிந்து பாடாலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பி, எங்கள் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். கடைசியில் அந்த ஆப்பைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தின் அடியில் ஒரு போன் நம்பரைப் பிடித்தேன். சென்னை நம்பர். சின்னப் பெண் குரல் ஒன்று எடுத்தது.

"சார், அது யாரோட கையும் இல்லங்க. நெறைய பேர்கிட்ட எடுத்தது. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் கலந்து புதுசா செய்யுது" என்றாள்.

"கலந்து செஞ்சா ரயிலுக்கு ஏம்மா ஊதுது?"

"ஊதுதா?"

"கை வாய்க்கு நேரா வந்து நிக்குதுல்ல. அது எங்க ஊரு சிமெண்ட்டும்மா. அதத் தேச்சுட்டு ஊதணும். ஊதிட்டுத் தேய்க்கிறவரு ஒலகத்துலயே ஒருத்தர்தான்."

அந்தப் பெண் ஒப்பிக்கிற குரலை விட்டுவிட்டு நிஜமான குரலில் சொன்னாள், "அந்த அசைவு எதுக்குன்னு எங்களுக்கே தெரியலைங்க சார். பாக்க நல்லா இருக்குன்னு விட்டுட்டோம்."

"சரி. அவர் உசுரோட இருக்காரான்னு மட்டும் சொல்லும்மா. என் தங்கச்சி பேப்பர்ல பொணத்தோட படமா கத்தரிச்சுக்கிட்டு இருக்கு."

"பேர் வெவரமெல்லாம் வெளிய சொல்லக் கூடாது சார், எங்களுக்கு ரூல்ஸ். நீங்க தப்பா நெனைக்காதீங்க. ஒங்க மொத மெயில் வந்த அன்னைக்கே நான் அவர்கிட்ட காட்டிட்டேன் சார். அவர்தான்…"

அங்கே நிறுத்திக்கொண்டாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த மாதிரி இடத்தில் பஸ்ஸில் நான் விட மாட்டேன், மேலே இரண்டு கேள்வி போட்டு எல்லாவற்றையும் வாங்கிவிடுவேன். அன்று கேட்கவில்லை. "அவர்தான்" என்பதற்குப் பிறகு என்ன வரும்? அவர்தான் பதில் போட வேண்டாம் என்றார். அவர்தான் தெரியாது என்று சொல்லச் சொன்னார். எப்படி முடித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். "சரிம்மா, நீ ஒன்னும் சொல்லல, நான் ஒன்னும் கேக்கல" என்று வைத்துவிட்டேன்.

சைகை மொழியில் அவர், அவன் என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரு விரலை நீட்டுவதுதான். தங்கை நீட்டிய விரலை இதுவரை "அவர்" என்று எழுதியது என்னுடைய மரியாதை. இனிமேல் எழுத மாட்டேன்.

ஆத்திரம் என்றால் அப்படி ஒரு ஆத்திரம். நான் நினைத்தது சரியாகிவிட்டதே என்பதில் எனக்கு ஒரு துளி திருப்தியும் இல்லை. அவளிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். விவரம் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவள் அடுத்த பேப்பரைக் கத்தரிப்பாளே.

அன்று சாயங்காலம் வந்தவள் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்ன?" என்றாள்.

"உசுரோட இருக்கான். நல்லாத்தான் இருக்கான். அங்கதான் வேலை பாக்கறான்."

கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். எந்தச் சாமிக்கு என்று தெரியவில்லை. அவள் கண்ணைத் திறக்கும் வரைக்கும் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடியிருக்கிறவளிடம் எதையும் சொல்ல முடியாதே. திறந்ததும் மீதியையும் சொன்னேன். "நாம தேடறது அவனுக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மொத மெயில் போன அன்னையிலேர்ந்து."

உள்ளே வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். தங்கை அதைத் தொடவில்லை. போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்தாள். பொம்மை சிரித்தது.

முதலில் தன் பெயரைத் தட்டினாள். அவன் அவளைக் கூப்பிடுவதற்கு என்று ஒரு சைகை வைத்திருந்தான். தாடையில் அவளுக்கு இருக்கிற குழியை ஒரு விரலால் தொட்டு எடுப்பான். காது கேளாதவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கும். பொம்மைக்கு அது தெரியவில்லை. தெரியாத பெயரை அது இரண்டு கை விரல்களாலும் இங்கிலீஷ் எழுத்தாக ஒவ்வொன்றாகக் காட்டும். ஆதார் சென்டரில் பெயரைச் சரிபார்க்கிற ஆள் மாதிரி அவன் கை அவள் பெயரை எழுத்துக் கூட்டி முடித்தது.

அடுத்து, "எங்க இருக்கீங்க" என்று தட்டினாள். பொம்மை அவளை நோக்கிக் கையை நீட்டி, இருப்பது எங்கே என்று உள்ளங்கைகளை விரித்தது. அவளுடைய கேள்வியையே அவளிடம் திருப்பிக் கேட்டது. பதில் சொல்ல அவள் கை பாதி எழும்பிவிட்டது. பிறகு மெதுவாக மேஜை மேல் இறங்கியது. என் மனைவி சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

எனக்கும் தாங்கவில்லை. மேஜையைத் தட்டி அவளைத் திரும்பிப் பார்க்க வைத்தேன். "போதும். அது பொம்மை. நீ எதத் தட்டுனாலும் அதச் சொல்லும்."

"அதுக்குத்தான்" என்றாள்.

மறுபடி தட்டினாள். தட்டித் தட்டி அழித்தாள். பிறகு போனைத் தண்ணிச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, இரண்டு பேர் எதிரெதிரே பேசுகிற தூரத்தில் உட்கார்ந்தாள். கையை நீட்டி அழுத்தினாள்.

பொம்மை நெஞ்சைத் தொட்டது. நான். திரும்பி. வருவது. இல்லை. பிறகு அவளைச் சுட்டியது. நீ. காத்திருப்பது. வேண்டாம்.

"வேண்டாம்" என்னும்போது கை பக்கவாட்டில் விலகி, கடைசியில் கொஞ்சம் தொங்கியது. அலுப்பாக இருக்கும்போது மாப்பிள்ளையின் கை அப்படித்தான் தொங்கும். அது எனக்கே தெரிந்தது. முகம் மட்டும் அந்த விளம்பரச் சிரிப்பை விடவில்லை. எழுந்து அந்த போனை உடைத்துப் போடலாம் என்று இருந்தது.

அவள் இன்னொரு முறை ஓட்டினாள். இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தாள். முடிந்ததும் பொம்மையைப் பார்த்து, "சரி" என்றாள். என் பக்கம் திரும்பி, "வக்கீலுக்கு போன் பண்ணு. கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பழகிய புத்தி விடவில்லை. "இது அவன் சொன்ன பதில் இல்ல. நீயே எழுதி நீயே படிச்சுக்கிட்ட. நாளைக்கு அவனே வந்து நின்னா, நான் இப்படிச் சொல்லவே இல்லன்னு சொல்லுவான்."

அவள் அழவில்லை. ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரிகிற வேகத்தில் சொன்னாள்.

"யார் எதச் சொல்லச் சொன்னாலும் சொல்லட்டும்னு ஊருக்கெல்லாம் கையக் குடுத்திருக்கான். எனக்குச் சொல்ல வேண்டியத மட்டும் அவன் சொல்லல. அத நான் சொல்ல வெச்சுக்கிட்டேன். சொன்னது அவன் கைதான் அண்ணே."

வக்கீலுக்கு போன் போட்டேன்.